தொலைவிலுள்ள நரம்பியல் மையமா, அருகிலுள்ள சிறு மருத்துவமனையா?

பிப்ரவரி 3: வாசகர் ஒருவரின் கேள்வி

ஏழை நாடுகளின் கிராமப்புறங்களில் பக்கவாதம், தலைக்காயம், நிற்காத வலிப்பு ஆகியவற்றால் இத்தனை பேர் இறப்பதற்கு நரம்பியல் வல்லுநர்களும் பெரிய மையங்களும் இல்லாததே காரணம் என்று நினைக்கிறேன். மாகாணத்துக்கு ஓர் உயர்தர நரம்பியல் மையம் கட்டி, அதை எல்லா ஊர்களோடும் ஆம்புலன்ஸாலும் காணொளியாலும் இணைத்துவிட்டால் பெரும்பகுதி தீர்ந்துவிடாதா? மருத்துவத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

தீராது. கிராமப்புறச் சிறு மருத்துவமனை ஒன்றில் இரவுப்பணி மருத்துவராக இருந்துவிட்டுப் பின்னர் நகரத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தவன் நான். நோயாளியை மேல்சிகிச்சைக்கு அனுப்பும் வாசலிலும் நின்றிருக்கிறேன், அப்படி அனுப்பப்பட்டவரை வாங்கிக்கொள்ளும் வாசலிலும் நின்றிருக்கிறேன். இரண்டுக்கும் இடையிலுள்ள சாலையில் என்ன நடக்கிறது என்பதை இரு தரப்பாரும் பேசிக்கொள்வதே இல்லை.

வல்லுநர் பற்றாக்குறை உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட நரம்பியல் அட்லஸின்படி, நரம்பியல் மருத்துவர்கள், குழந்தை நரம்பியல் மருத்துவர்கள், நரம்பியல் அறுவை மருத்துவர்கள் எல்லோரையும் சேர்த்தாலும் குறைந்த வருமான நாடுகளில் லட்சம் பேருக்கு இடைநிலை அளவு 0.1தான், உயர் வருமான நாடுகளில் அது 7.1. எழுபது மடங்கு வேறுபாடு. அந்தச் சிலரும் தலைநகரில்தான் இருப்பார்கள். ஒரு நரம்பியல் மருத்துவரை உருவாக்கப் பத்தாண்டுக்கு மேலாகிறது. மூளைக்கு இரத்தம் நின்றுபோன ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்களை இழக்கிறார் என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டுக் காட்டினார். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். மையத்தை எவ்வளவு உயர்தரமாகக் கட்டினாலும், அதை அடைய ஒரு பகல் முழுவதும் பயணிக்க வேண்டிய ஊருக்கு அந்த மையம் பக்கவாதத்தின் முதல் நாளில் இல்லாததற்குச் சமம்.

பிப்ரவரி 4

நேற்று எழுதியதில் பக்கவாதமே முன்னால் வந்துவிட்டது. மேல்சிகிச்சைக்குப் போகும் வழியில் இறப்பவர்களைப் பற்றிச் சொல்ல நினைத்ததை முழுதாகச் சொல்லவில்லை.

வாங்கும் வாசலில் நான் பார்த்த நோயாளிகளில் பலருக்கு மூளையில் ஏற்பட்ட முதல் சேதம் அவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. நினைவிழந்தவரை வண்டியில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே துணியைச் சுருட்டி வைத்து, வழியெல்லாம் உறவினர்கள் மடியில் தாங்கிக்கொண்டு வருவார்கள். நாக்கு பின்னால் விழுந்து மூச்சுப்பாதை பாதி அடைபட்டிருக்கும். வாந்தி நுரையீரலுக்குள் போயிருக்கும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தாலே பாதி பிரச்சினை வந்திருக்காது. அதை அனுப்பிய இடத்தில் யாரும் சொல்லவில்லை. பரிந்துரைச் சீட்டில் "மேல்சிகிச்சைக்காக" என்ற ஒரு வரி மட்டும் இருக்கும். கிளம்பும்போது இரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, கண்பாவை எப்படி இருந்தது என்பது எதுவும் இருக்காது.

தலைக்காயத்தில் இதற்கான சான்று பழையது. மருத்துவமனைக்கு வரும் முன் ஒரே ஒரு முறை இரத்த அழுத்தத்தின் மேல் எண் 90க்குக் கீழே இறங்கினாலும் இறப்பு விகிதம் இருமடங்காகிறது என்று நரம்பியல் அறுவை மருத்துவர் ராண்டல் செஸ்நட்டும் அவருடைய குழுவும் 1993இலேயே காட்டிவிட்டார்கள். பிராணவாயுக் குறைவும் அதே வகையில் கேடு செய்கிறது. இரத்தநாளம் வழியாகத் திரவம் ஏற்றவும் பிராணவாயு தரவும் நரம்பியல் பட்டம் தேவையில்லை.

பிப்ரவரி 6

"ஸ்கேன் இல்லாமல் எந்தச் சிறு மருத்துவமனை பக்கவாதத்தைப் பார்க்க முடியும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான அடி.

பக்கவாதத்துக்குக் காரணம் மூளையின் இரத்தக்குழாயில் அடைப்பா, மூளைக்குள் இரத்தக் கசிவா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தலைவலி, வாந்தி, நினைவு மங்கல், இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கணிக்கும் சிரிராஜ் அளவுகோலைத் தாய்லாந்து மருத்துவர்கள் 1991இல் உருவாக்கினார்கள். நல்ல எண்ணத்தில் பிறந்த முயற்சி. பிற நாடுகளில் சோதித்தபோது, மருந்தைத் தீர்மானிக்கும் அளவுக்கு அது நம்பத் தகுந்ததாக இல்லை. நானும் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். அந்த எண்ணைக் கூட்டி முடித்த பிறகும் ஆஸ்பிரின் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்ற இரவுகள் உண்டு.

வகை தெரியாமலேயே இரத்த அழுத்தத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் இப்போது விடை இருக்கிறது. சீனாவில் ஆம்புலன்ஸிலேயே அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்த இன்டராக்ட்-4 ஆய்வு 2024இல் வெளியானது. மொத்தத்தில் பயன் இல்லை. பிரித்துப் பார்த்தால், கசிவு உள்ளவர்களுக்கு நன்மை, அடைப்பு உள்ளவர்களுக்குத் தீமை. ஒன்று மற்றொன்றை ஈடுகட்டிவிட்டது. ஆகவே ஸ்கேன் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாகாணத் தலைநகரில் மூன்றாவது எம்.ஆர்.ஐ. வாங்கும் பணத்துக்கு மாவட்டத்தில் முதல் சி.டி. வாங்கலாம். அத்துடன் அதைப் பழுதுபார்க்கும் ஒருவரையும் பணியமர்த்த வேண்டும். நன்கொடையாக வந்த கருவி, ஒரு குழாய் பழுதானதும் துணி போர்த்தி மூடிவைக்கப்பட்டிருக்கும் காட்சி இந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல.

பிப்ரவரி 6, பின்குறிப்பு

நாலரை மணி நேரத்தை முழு எல்லையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இன்னொருவர் சுட்டியிருக்கிறார். சரிதான், பெரிய இரத்தக்குழாய் அடைப்பில், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் கட்டியை வெளியே இழுத்தெடுக்கலாம் என்று 2018இல் வெளியான இரண்டு ஆய்வுகள் காட்டின. "அப்படியானால் கிராமத்தாருக்கு நேரம் கிடைத்துவிட்டதே" என்று அவர் மகிழ்கிறார். அந்தச் சிலரைத் தேர்ந்தெடுக்க இரத்த ஓட்டத்தை அளக்கும் படமும், இழுத்தெடுக்க, இரத்தக்குழாய்க்குள் கம்பி செலுத்திச் சிகிச்சை செய்யும் ஆஞ்சியோ அறையும், அதைச் செய்யும் கையும் வேண்டும். எல்லை நீண்டதன் பலன், எல்லாம் இருக்கும் ஊருக்கே முதலில் போய்ச் சேர்ந்தது.

பிப்ரவரி 7

காணொளி ஆலோசனையைப் பற்றி. எனக்கு எதிர்ப்பு இல்லை. மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்பதில்தான் கவலை.

இந்தியாவின் இமாச்சலப் பிரதேசத்தில் 2014 முதல், மாவட்ட மருத்துவமனைகளில் உள்ள பொது மருத்துவர்கள் ஸ்கேன் படத்தைக் கைபேசியில் நரம்பியல் மருத்துவருக்கு அனுப்பி, அவர் சொன்னபடி கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டார்கள். மருந்தை அரசே இலவசமாகக் கொடுத்தது. மலைப்பகுதியில் அது நடந்தது என்பது சிறிய செய்தி இல்லை. ஆனால் நடந்ததற்கான காரணத்தைக் கவனியுங்கள்: மாவட்டத்தில் ஸ்கேன் ஏற்கெனவே இருந்தது, மருந்து அலமாரியில் இருந்தது, ஊசி போடும் துணிச்சல் கொடுக்கப்பட்ட மருத்துவர் பணியில் இருந்தார். கைபேசி கடைசியாகச் சேர்ந்த பொருள். பல திட்டங்கள் கைபேசியை முதலில் வாங்குகின்றன.

அந்த ஊசி மருந்தான ஆல்டிப்ளேஸ், உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் பக்கவாதத்துக்காகச் சேர்க்கப்பட்டது 2019இல்தான்; அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 1996இல். ஆல்டிப்ளேஸை ஒரு மணி நேரம் பம்ப் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். அதன் உறவுக்கார மருந்தான டெனக்டிப்ளேஸை ஒரே ஊசியாகப் போட்டுவிடலாம். பம்ப் இல்லாத, இரவில் ஒரே செவிலியர் உள்ள இடத்தில் இந்த ஒரு வேறுபாடு மிகப் பெரியது.

பிப்ரவரி 9

ஒரு வரலாறு. நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீவிர சிகிச்சை என்ற துறையே நரம்பு நோயிலிருந்தும் கருவிப் பஞ்சத்திலிருந்தும் பிறந்தது என்பது பலருக்கு நினைவில்லை. 1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் குவிந்தார்கள். அங்கே இருந்ததோ ஒரே ஓர் இரும்பு நுரையீரலும் (உடலை உள்ளே வைத்து மூச்சுவிடச் செய்யும் பெட்டி) மார்பை அழுத்தும் சில கருவிகளும். மூச்சுத் தசை முடங்கியவர்களில் சுமார் 87 சதவீதம் பேர் இறந்துகொண்டிருந்தார்கள். மயக்க மருத்துவரான பியோர்ன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, இரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கலாம் என்றார். கை வேண்டுமே? மருத்துவ மாணவர்களை அழைத்தார்கள். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பையை அமுக்கினார்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. அங்கே ஈடு இல்லாதது பையை அமுக்கிய கைகளும், நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த கண்களும்.

இதைச் சொல்லக் காரணம் கட்டுவிரியன் கடி. கிராமப்புறத்துக்கே உரிய நரம்பியல் அவசரம் இது. நரம்பியல் மாநாடுகளில் இதற்கு ஓர் ஓரம்தான் கிடைக்கும். பாம்புக்கடியால் உலகில் ஆண்டுதோறும் 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல்தடம் தெரியாது, வலியும் பெரிதாக இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார். பிறகு இமைகள் தாழும், பேச்சு குழறும், விழுங்க முடியாமல் போகும், கடைசியில் மூச்சு நிற்கும். கண்பாவைகள் விரிந்து, ஒளிக்கு அசையாமல் நிற்கும். மூளைச்சாவு என்று அனுபவம் இல்லாதவர் முடிவு கட்டிவிடுவார். உள்ளே அவர் முழு நினைவோடு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடப்பார்.

நஞ்சு ஏற்கெனவே சேதப்படுத்திய நரம்பு முனைகளை எதிர்நஞ்சு திருப்பித் தராது. அவை தாமாக வளர்ந்து சேர நாட்களாகும். அதுவரை மூச்சுக் கொடுத்தால் போதும், எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார். நான் பணிசெய்த இடத்தில் அப்படி ஒரு இளைஞருக்கு அவருடைய அண்ணனும் சித்தப்பாவும் மாறி மாறி ஆம்பு பையை, அதாவது கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பையை, அமுக்கினார்கள். வண்டிக்குள்ளும் அமுக்கிக்கொண்டே போனார்கள். "ஐயா, கை ஓய்ந்துவிட்டால் என்ன செய்ய?" என்று அந்த அண்ணன் கிளம்பும்போது கேட்டார். இன்னோர் ஆளையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்ல முடிந்தது. அந்த இளைஞர் பிழைத்தார். அதே பருவத்தில், பையை எப்படிப் பிடிப்பது என்று யாரும் கற்றுத்தராததால் பிழைக்காதவர்களையும் பார்த்தேன்.

பிப்ரவரி 10

சிறு மருத்துவமனைகளுக்கென்று எழுதப்பட்ட ஒரு சிகிச்சை நெறிமுறையை நேற்றிரவு படித்தேன். முதல் வரி: "உடனடியாக நரம்பியல் தீவிர சிகிச்சைக் குழுவுடன் கலந்தாலோசிக்கவும்." நான் இருந்த சிறு மருத்துவமனையில் இரவில் அந்தக் குழு என்றால் நான், செவிலியர், வாயிற்காவலர். கலந்தாலோசித்தோம்.

பிப்ரவரி 12

வலிப்பைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஐந்து நிமிடத்தைத் தாண்டிய வலிப்பு தானாக நிற்கும் என்று காத்திருக்கக் கூடாது. அரை மணி நேரத்தைத் தாண்டினால் மூளைக்கு நிலையான சேதம் ஏற்படத் தொடங்கும். இதற்கு மருந்து பல இடங்களில் உண்டு. தவறுவது இரண்டு இடங்களில்.

ஒன்று, அளவு. மூச்சு அடங்கிவிடுமோ என்று பயந்து பாதி அளவைப் போடுவது. நானும் தொடக்கத்தில் அந்தப் பயத்தோடுதான் ஊசியைப் பிடித்தேன். பாதி அளவு வலிப்பை நிறுத்தாது. நீளும் வலிப்புதான் ஊசியைவிட அதிகமாக மூச்சை அடக்கும். ஆம்பு பை பக்கத்தில் இருந்து, அதைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தால் முழு அளவைப் போடும் துணிச்சல் வரும். ஒன்பதாம் தேதிக் குறிப்பும் இதுவும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

இரண்டு, ஊசி போடும் வழி. வலிப்பில் துடிக்கும் கையில் இரத்தநாளம் தேடுவது பயிற்சி உள்ளவருக்கே கடினம். வலிப்பை நிறுத்தும் மருந்துகளில், தசையில் போடும் மிடாசோலம், இரத்தநாளத்தில் போடும் லோராசெபாமுக்குக் குறைந்ததில்லை என்று 2012இல் அமெரிக்க ஆம்புலன்ஸ் பணியாளர்களை வைத்து நடந்த ராம்பார்ட் ஆய்வு காட்டியது. மருத்துவமனையை அடையும்போது வலிப்பு நின்றிருந்தவர்கள் முறையே 73 சதவீதம், 63 சதவீதம். லோராசெபாமுக்குக் குளிர்ப்பெட்டி வேண்டும். மின்சாரம் நிலையில்லாத இடத்தில் அதுவும் ஒரு கணக்கு. உகாண்டாவின் முலாகோ மருத்துவமனையில் 330 குழந்தைகளிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், கன்னத்துக்குள் விடும் மிடாசோலம் ஆசனவாய் வழி டயாசெபாமைவிட நன்றாக வேலை செய்தது. ஏழை நாட்டிலேயே, அங்குள்ள குழந்தைகளுக்காகவே செய்யப்பட்ட ஆய்வு அது.

பின்னுக்குப் போனால் இன்னொன்று தெரியும். நிற்காத வலிப்போடு வந்த பெரியவர்களிடம் துருவிக் கேட்டால், மாத்திரை தீர்ந்துபோய்ச் சில நாட்களானதாகச் சொல்பவர்கள் ஏராளம். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உள்ளது. அவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறார்கள். குறைந்த வருமான நாடுகளில் முக்கால்வாசிப் பேருக்கு வேண்டிய சிகிச்சை கிடைப்பதில்லை. பினோபார்பிட்டால் 1912 முதல் வலிப்புக்குப் பயன்படுகிறது, மிக மலிவானது. ஆனால் 1971இன் சர்வதேச உளமருந்து உடன்படிக்கையில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள் என்பதால் அதை இறக்குமதி செய்ய உரிமங்களும் படிவங்களும் வேண்டும். ஒரு படிவம் தாமதமாகி மருந்து வராமல் போனால், அந்த மாதம் தீவிர சிகிச்சைப் படுக்கை ஒன்று தேவைப்படும். அந்தப் படுக்கையும் இருக்காது.

பிப்ரவரி 15

இதுவரை எழுதியதை எல்லாம் ஒரு முறை படித்தேன். ஒரு நெருடல்.

"அடிப்படைக் கவனிப்பே போதும்" என்ற என் வாதத்தை ஒரு நிதி அதிகாரி எப்படிப் படிப்பார்? ஏழைகளுக்கு ஆம்பு பை, மற்றவர்களுக்கு ஆஞ்சியோ அறை என்று படிப்பார். அப்படித்தான் படிக்கிறார்கள்.

மேலே குறிப்பிட்ட அதே செஸ்நட் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எடுத்துக்காட்டு. பொலிவியாவிலும் எக்வடோரிலும் கடுமையான தலைக்காயம் பட்ட 324 பேரில் ஒரு பாதியினருக்கு மண்டைக்குள் அழுத்தமானி பொருத்திச் சிகிச்சை தந்தார்கள். மறுபாதியினருக்கு உடல் பரிசோதனையையும் ஸ்கேனையும் வைத்தே சிகிச்சை தந்தார்கள். ஆறு மாதத்தில் இறப்பு முறையே 39 சதவீதம், 41 சதவீதம். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. "பார்த்தீர்களா, மானி தேவையில்லை" என்று ஒரு தரப்பு கொண்டாடியது. கவனிக்காமல் விட்டது என்னவென்றால், மானி இல்லாத தரப்புக்கும் தீவிர சிகிச்சைப் படுக்கை, வெண்டிலேட்டர், திரும்பத் திரும்ப ஸ்கேன், அறுவை மருத்துவர் எல்லாம் இருந்தன. நான் சொல்லும் சிறு மருத்துவமனையின் பின்னால் அப்படி ஓர் இடம் இல்லையென்றால், முதல் மணியில் காப்பாற்றியவரை மூன்றாம் நாள் இழப்போம்.

மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் இடையே இரத்தம் கட்டும் காயத்தில், தொடக்கத்தில் பேசிக்கொண்டிருந்த இளைஞர் சில மணி நேரத்தில் இறந்துபோவார். அவருக்கு என் ஒருக்களித்துப் படுக்கவைக்கும் அறிவுரை உதவாது. மண்டையில் துளையிட்டு இரத்தத்தை வெளியேற்ற ஒருவர் வேண்டும். ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேற்பட்டோருக்குத் தேவையான நரம்பியல் அறுவை சிகிச்சை கிடைப்பதில்லை என்று 2018இல் ஒரு மதிப்பீடு வந்தது. பொது அறுவை மருத்துவர்களுக்கு இந்தத் துளையிடும் சிகிச்சையைக் கற்பிக்கலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. கற்பிக்க வேண்டும் என்பதே என் கட்சி. கற்பித்துவிட்டுத் தனியே விட்டுவிடக் கூடாது என்பதும் அதன் பகுதி.

பிப்ரவரி 16

"மலிவு என்றாலே இரண்டாந்தரம்தானே?" இல்லை. மூளைக்கசிவில், இரத்த அழுத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் 140க்குக் கீழே கொண்டுவருதல், சர்க்கரையைக் கட்டுப்படுத்துதல், காய்ச்சலைத் தணித்தல், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை முறித்தல் ஆகியவற்றை ஒரே தொகுப்பாகச் செய்த இன்டராக்ட்-3 ஆய்வு 2023இல் வந்தது. 10 நாடுகள், 7,036 நோயாளிகள். பத்தில் ஒன்பது நாடுகள் குறைந்த, நடுத்தர வருமானம் உள்ளவை. பிழைத்தவர்கள் மேம்பட்ட நிலையில் பிழைத்தார்கள், இறப்பும் குறைந்தது. எந்தப் பணக்கார மருத்துவமனையும் இதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை.

நரம்புகளைத் தாக்கி உடலை முடக்கும் கியான்-பாரே நோய்க்கு மற்றொன்று. புரத ஊசி மருந்தின் விலையை எட்ட முடியாத பங்களாதேசத்தில், இரத்தத்தைச் சிறு அளவுகளில் எடுத்து, தெளிந்த திரவத்தை நீக்கி, அணுக்களை மட்டும் திரும்ப ஏற்றும் எளிய முறையை 20 நோயாளிகளிடம் சோதித்து, அது பாதுகாப்பாகச் செய்யக்கூடியதே என்று 2018இல் வெளியிட்டார்கள். இருபது பேர் போதாது என்பதை அவர்களும் அறிவார்கள். தொடங்கிய இடம் சரி.

பிப்ரவரி 19

இணைப்புகளைப் பற்றி முதல் கேள்வியாளர் மறுபடியும் எழுதியிருக்கிறார். "கிராமத்திலேயே முதல் மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டால் போதுமா?" இதற்கு மூளை மலேரியா ஒரு கடுமையான பாடத்தைத் தந்திருக்கிறது. கானா, தான்சானியா, பங்களாதேசம் ஆகிய நாடுகளில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், மருத்துவமனையை அடைய ஆறு மணி நேரத்துக்கு மேலான நோயாளிகளிடையே, ஆசனவாய் வழி ஆர்ட்டெசுனேட் என்ற மலேரியா மருந்து கொடுக்கப்பட்டவர்களின் இறப்பும் நிலையான ஊனமும் பாதியாகக் குறைந்தன. அதை நம்பிக் காங்கோ ஜனநாயகக் குடியரசு, நைஜீரியா, உகாண்டா ஆகியவற்றில் பெரிய அளவில் மருந்தைப் பரப்பியபோது எதிர்பார்த்த பயன் தெரியவில்லை. மருந்து பெற்ற குழந்தை சற்றுத் தெளிந்ததும் பயணம் நின்றுவிடுகிறது. அல்லது போய்ச் சேர்ந்த இடத்தில் முழுச் சிகிச்சை கிடைப்பதில்லை. 2022 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்த விரிவாக்கத்தை நிறுத்திவைக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

மருந்தில் கோளாறு இல்லை. அனுப்புவது, போய்ச் சேர்வது, அங்கே முழுமையாகப் பெறுவது மூன்றும் சேர்ந்தால்தான் அந்த முதல் மருந்துக்குப் பொருள்.

பிப்ரவரி 22

வாங்கும் வாசலுக்குப் பின்னால் நடப்பது. படுக்கையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் உறவினர்கள்தான் பல இடங்களில் உண்மையான செவிலியர்கள். விழுங்க முடிகிறதா என்று பார்க்காமல் தண்ணீர் கொடுத்துவிடுவார்கள். யாரும் தடுத்துச் சொல்லவில்லை என்றால் அவர்கள்மேல் என்ன குறை? காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் ஆகிய மூன்றையும் செவிலியர்கள் முறையாகக் கவனித்தபோது இறப்பும் பிறரைச் சார்ந்திருத்தலும் குறைந்ததை ஆஸ்திரேலியாவில் 2011இல் காட்டினார்கள். ஒரு கரண்டித் தண்ணீரும் ஒரு நிமிடமும் போதும், ஆனால் அந்த நிமிடம் உள்ள ஒரு செவிலியர் வேண்டும்.

"குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்துவிடலாமே" என்பார்கள். நானும் அந்தக் கட்சியில் இருந்தேன். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் நடந்த அட்டெண்ட் ஆய்வு 2017இல் வெளிவந்தது: குடும்பத்தார் நடத்திய மறுவாழ்வுப் பயிற்சி, வழக்கமான கவனிப்பைவிட எந்தக் கூடுதல் பயனும் தரவில்லை. அன்பு குறைவாக இருந்ததால் அல்ல. தொழில்முறைப் பணியைச் சம்பளம் இல்லாமல் வீட்டாரிடம் தள்ளிவிடுவதற்கு அந்த முடிவு ஒரு தடை போட்டது. அந்த வகையில் எனக்குத் திருப்திதான்.

பிப்ரவரி 27

பணத்தைப் பற்றி நீண்ட குறிப்பு எழுதி அழித்துவிட்டேன். ஒன்று மட்டும். நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோவதா வேண்டாமா என்ற முடிவு பெரும்பாலும் வராந்தாவில், கால் மணி நேரத்தில் எடுக்கப்படுகிறது. "டாக்டர் ஐயா, கொண்டுபோனால் பிழைப்பாங்களா, அதை மட்டும் சொல்லுங்க" என்று மூத்த மகன் கேட்பார். சரியான விடை சொல்ல வேண்டுமானால் அந்த மருத்துவமனையில் இன்று படுக்கை இருக்கிறதா, வெண்டிலேட்டர் காலியா என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொலைபேசியை எடுப்பார் இல்லை. ஆகவே நான் நோயைப் பற்றி மட்டும் பேசுவேன். அவர் நிலத்தை விற்பதைப் பற்றி யோசிப்பார். மாகாண மையத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு துளியை, அந்தத் தொலைபேசியை இரவில் எடுப்பதற்கென்றே ஒருவரை அமர்த்தச் செலவிடலாம். இது மருத்துவமே இல்லை என்று சக மருத்துவர் ஒருவர் சொன்னார். இருக்கட்டும்.

மார்ச் 2

"ஒரு சிறு மருத்துவமனைக்கு முதலில் என்ன வாங்குவீர்கள்?" என்று கேட்டவருக்கு: இரவில் இரண்டாவது செவிலியர். அதை வாங்க முடியாது என்று தெரியும். ஆனாலும் அதுதான் முதலில். அவர் கையில் பெரியவருக்கும் குழந்தைக்கும் தனித்தனி ஆம்பு பை, விரல்நுனியில் பிராணவாயு அளக்கும் கருவி, சர்க்கரைமானி, காலாவதியாகாத மிடாசோலம். பிராணவாயுவுக்குச் செறிவூட்டி, அது நின்றால் மாற்றாக ஓர் உருளை. பாம்புக்கடி உள்ள பகுதியானால் எதிர்நஞ்சு.

மின்சாரம் போனால் சளி உறிஞ்சும் கருவிக்கு என்ன செய்வது என்று அதே ஆள் கேட்டிருக்கிறார். காலால் மிதித்து இயக்கும் வகை உண்டு. பயன்படுத்தியிருக்கிறேன், நன்றாகவே இழுக்கும். குழாயை ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த அவசரத்தில் அடைத்துக்கொள்ளும்.